எண்ணிக்கை காத்த நாகமையா

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் நாள்தோறும் மக்கள் வெள்ளம் பெருகுகிறது. கோட்டைக்குள்ளே பத்மநாபசுவாமி கோயில். வெளியே சாலைக் கடைவீதி. இந்நகரைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூரில் எத்தனை பேர் வாழ்ந்தனர்? இவ்வினாவிற்கு நம்பத்தக்க விடை கண்டவர் வி. நாகமையா.

நாகமையா 1850ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே அரசுப் பணியில் சேர்ந்தார். 1875இல், சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியை ஏற்றார். 1881, 1891ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்புகளையும் அவரே நடத்தினார்.

1854ஆம் ஆண்டின் கணக்கு, நாட்டின் மக்கள்தொகையை ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம் என்றது. 1875ஆம் ஆண்டின் கணக்கோ 23,11,379 என்றது. இருபத்தோராண்டில் மக்கள் இவ்வளவு பெருகியிருக்க இயலுமா? அடுத்த கணக்குகள் ஐயம் தீர்த்தன. 1881இல் 24,01,158 பேரும், 1891இல் 25,57,736 பேரும் இருந்தனர். வளர்ச்சி சீராக இருந்தது. ஆகவே, பழைய கணக்கில் பல இலட்சம் பேர் விடுபட்டிருந்தனர் என்பது புலனாயிற்று.

கணக்கில் விடுபட்டவர் அரசின் கண்ணுக்கும் புலப்படார். பஞ்சக் காலத்தில் எத்தனை பேருக்குத் தானியம் வேண்டும், எவ்வூருக்குப் பள்ளி வேண்டும் என்பவற்றைப் பிழையான எண்கள் மறைத்துவிடும். இதனைத் தவிர்க்கவே வீடுகளுக்கு எண் இடுதல், முன்கூட்டியே பட்டியல் எழுதுதல், குறித்த இரவில் மீண்டும் சரிபார்த்தல் ஆகிய முறைகள் கையாளப்பட்டன. ஒருவரையும் விடாமலும் ஒருவரை இருமுறை எண்ணாமலும் இருக்க இவை துணைபுரிந்தன.

திவான் பேஷ்காராக உயர்ந்த நாகமையா, 1904இல் தற்காலிகத் திவானாகவும் பணியாற்றினார். 1906இல் திருவிதாங்கூர் நாட்டுக் கையேட்டை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1917இல் மறைந்தார். அவர் தொகுத்த செய்திகளை ஆய்வாளர் இன்றும் நாடுகின்றனர். எண்களைச் சரிபார்த்து வெளியிடுவதும் நாட்டுக்குச் செய்யும் தொண்டே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
புலனாயிற்று – தெரியவந்தது
தொண்டு – சேவை

விடை எழுதுக
1. 1854ஆம் ஆண்டின் கணக்கில் பலர் விடுபட்டிருந்தனர் என்பது எவ்வாறு தெரியவந்தது?
2. பிழையான எண்களால் மக்களுக்கு நேரும் இடர் யாது?
3. கணக்கெடுப்பில் கையாளப்பட்ட முறைகள் யாவை?