மணலில் தொடங்கிய எழுத்து

1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள். தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்றிருந்த தரங்கம்பாடியில் இரு இளைஞர் கரையிறங்கினர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணைமடல் அவர்களிடம் இருந்தது. எனினும், கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. தங்க இடமும் தரவில்லை. முன்பின் அறியாத ஊரின் தெருவில் அவர்கள் நெடுநேரம் நின்றனர். ஒருவர் ஹென்றி புளுட்சோ; மற்றவர் அன்று 24 வயதை எட்டியிராத பர்த்தலோமேயு சீகன்பால்கு.

செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தவர் சீகன்பால்கு. இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். மரணப்படுக்கையில் இருந்த தாய், தம் மக்களுக்குப் பெருஞ்செல்வம் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பதாகக் கூறி விவிலியத்தைச் சுட்டினார் என்பர். உடல்நலிவால் ஹாலே நகரில் அவரது கல்வியும் இடையில் தடைப்பட்டது. அந்நோய் அவரை இறுதிவரை விடவில்லை. தாய் சுட்டிய செல்வத்தை அவரும் விடவில்லை.

தரங்கம்பாடியில் அவர் முதலில் மாணவரானார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திற்கு வரவழைத்து, சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஈராண்டிற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் படித்து அவற்றிற்கு விளக்கப் பட்டியலும் எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

அடுத்த மாதமே அவர் சிறைப்பட்டார். காலஞ்சென்ற நாவிதர் ஒருவரின் கடன் தொடர்பான வழக்கில், அவருடைய கைம்பெண்ணுக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். எதிர்த்தரப்பினரோ வணிகக் குழுமத்தில் பணியாற்றிய மொழிபெயர்ப்பாளர். இப்பூசல் முற்றியதும் தளபதியின் சினம் சீகன்பால்குமீது பாய்ந்தது. டேன்ஸ்பர்க் கோட்டையின் சிற்றறை ஒன்றில் அவர் அடைக்கப்பட்டார். அவருடைய சிறு சபையார் அஞ்சிச் சிதறினர். எழுதுகோலும் மையும்கூட முதலில் மறுக்கப்பட்டன. எழுத்தையே மூச்சாகக் கொண்டவருக்கு அறையின் புழுக்கத்தைவிட அதுவே கொடிதாய் இருந்திருக்கும். நாள்தோறும் வேண்டுதலிலும் விவிலியச் சிந்தனையிலும் அவர் மனத்தை நிறுத்தினார். எழுதுபொருள் கிடைத்ததும் முறையீட்டோடு அவர் நின்றுவிடவில்லை; கிறித்தவ வாழ்வைப் பற்றியும் சமயப் பணியாளரின் கடமையைப் பற்றியும் நூல்கள் எழுதினார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் விடுதலை பெற்றவர், அதே தளபதியின் ஆட்சியின் கீழேயே மீண்டும் பணியைத் தொடர்ந்தார். 1711இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு நிறைவுற்றது.

அதனை அச்சேற்றும் வழியும் எளிதாய் அமையவில்லை. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பொறி மீட்கப்பட்டு வந்து சேர்ந்தது; அதனை இயக்க வந்த அச்சர் கடற்பயணத்திலேயே இறந்தார். ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகளோ அளவில் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் இருந்த தாள் போதாது. எனவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகளே அதற்கு உருக்கப்பட்டன. உண்டு முடித்து எறியக்கூடிய பொருள் தமிழ் எழுத்தாய் மாறியது! 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சில் வெளிவந்தது.

தமிழ்நாட்டுச் சமய நெறிகளைப் பற்றி அவர் 1713இல் எழுதிய விரிவான நூலை ஹாலேயிலிருந்த பெரியோர் வெளியிட விரும்பவில்லை. பிற சமயக் கடவுளரைப் பற்றிய செய்தி ஐரோப்பாவிற்கு எதற்கு என்று அவர்கள் கருதினர். சமயம் பரப்ப வந்தவர் எனினும், இம்மண்ணின் நூல்களைக் கற்றதால் அவற்றின் மேன்மையை மறைக்க அவரால் இயலவில்லை. அந்நூல் 1867இல்தான் அச்சேறியது.

1714இல் ஐரோப்பா சென்ற சீகன்பால்கு, கப்பலிலும் எழுதிக்கொண்டே போனார். அவரது தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. அங்கே மரிய டோரதியை மணந்து மீண்டும் தரங்கம்பாடிக்கு வந்தார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அவ்வேளையில் டென்மார்க்கின் சமயப்பணிக் குழுச் செயலாளரிடமிருந்து வந்த கடிதங்கள் அவரை வருத்தின. பணியாளர் எளிமையாய் வாழவில்லை என்றும், கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் பொருளைச் செலவிடுகின்றனர் என்றும் அவை கடிந்தன. பகைவரின் சிறையைத் தாங்கியவருக்கு, தம்மவரின் இச்சொற்களைத் தாங்குவது அரிதாயிற்று. பழைய நோயும் முற்றியது. ஆயினும், பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் நிறுத்தவில்லை.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், தாம் விரும்பிய துதிப்பாடல் ஒன்றை உடனிருந்தோர் பாடக் கேட்டபடி, நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அவரது உடல் புதிய எருசலேம் ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டது. அவரது பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத்து என்னும் நூலோடு நின்றிருந்தது. அவ்வாண்டே தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் சூல்ட்சே எஞ்சிய பகுதியை மொழிபெயர்க்கும் பணியை ஏற்றார்.