வித்தல்பாய் படேல் வகித்த தலைமை

நம் விஜயநகரில் நாலு குடும்பங்கள் கூடிப் பேசும் சிறு கூட்டத்திற்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் மேசைமேல் ஒரு மணியும் உண்டு. அந்த மணி வேண்டியவர் பேசுங்கால் தாமதித்தும், வேண்டாதவர் பேசுங்கால் விரைந்தும் ஒலிக்கின்றதா என்று உற்றுக் கவனிப்போரும் உளர். இச்சிறு மணிக்கே இத்துணைச் சோதனையெனில், அன்னிய ஆட்சியில் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் இந்தியத் தலைவர் வித்தல்பாய் படேலுக்கு நேர்ந்த சோதனையை என்னென்பது!

இவர் சர்தார் வல்லபாயின் தமையனார். தம்பி சீமை செல்லப் பெற்றிருந்த அனுமதிச் சீட்டில், இருவர்க்கும் முதலெழுத்துகள் ஒன்றேயாதலின், தாமே முந்திச் சென்று பாரிஸ்டரானவர். சுயராஜ்யக் கட்சியின் முன்னணி வீரர்.

அதுகாறும் சர் பிரடெரிக் ஒயிட் என்னும் ஆங்கிலேயர் அரசாங்க நியமனத்தால் தலைமை வகித்தார். நம் மைசூரிலும் 1881-இல் தோன்றிய பிரஜாப் பிரதிநிதி சபைக்குத் திவானே தலைவர். ஆள்பவரே சபையையும் நடத்துவது அக்கால வழக்கு. 1925 ஆகஸ்டில் சிம்லாவில் நடந்த தேர்தலில் படேல் 58 வாக்கும், எதிர்நின்ற நம் தமிழகத்துத் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் 56 வாக்கும் பெற்றனர். தமிழர் தோற்றாரே என்று நமக்குச் சிறிது வருத்தந்தான். இரண்டே வாக்கில் வென்றவர், அன்றே தாம் இனி எக்கட்சிக்கும் உரியவரல்லர் என்று அறிவித்தார்; கட்சிக் கூட்டங்களுக்குச் செல்வதையும் விடுத்தார்.

அவரும் மனிதரே. 1926 மார்ச்சில் சுயராஜ்யக் கட்சியினர் சபையினின்றும் வெளியேறிய நாளில், சர்ச்சைக்குரிய மசோதாக்களைக் கொணர வேண்டாமென்றும், மீறினால் சபையை ஒத்திவைக்கத் தமக்கு அதிகாரமுண்டென்றும் அரசாங்கத்தை எச்சரித்தார். மறுநாளே, அச்சுறுத்தலாகக் கொள்ளத்தக்க அம்மொழியைத் தலைவர் கூறியிருத்தல் ஆகாதென்று சபையிலேயே ஒப்புக்கொண்டார். ஆசனத்திலிருந்து தவற்றை ஏற்கும் இத்துணிவு, தீர்ப்பு வழங்கும் துணிவினும் அரிதென்றே எமக்குத் தோன்றுகிறது. 1927-இல் அவர் மீண்டும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1928 செப்டம்பரில் பொதுப் பாதுகாப்பு மசோதா வந்தது. இருபுறமும் வாக்குகள் 61. தலைவரின் வாக்கே முடிவு செய்ய வேண்டிய நிலை. இத்தகைய அசாதாரணச் சட்டத்தை வேண்டுவோர் தம் வாதத்தாலேயே பெரும்பான்மை பெறல் வேண்டும். தலைவர் வாக்கால் அது நிறைவேறலாகாது என்று கருதி, எதிர்த்து வாக்களித்தார். பட்சபாதம் என்று ஆங்கில வட்டாரங்கள் தூற்றின. ஆயினும் ஐயமுள்ள விடத்து உள்ள நிலையைக் காப்பதே ஆசனத்தின் மரபாகும்.

மசோதா மீண்டும் வந்தது. அதனை விவாதித்தால், நீதிமன்றத்தில் நடைபெறும் மீரத் சதி வழக்கைத் தொடாமல் பேசவியலாது. ஆகவே ஒன்றைக் கைவிடுக அல்லது மற்றதைத் தள்ளிவைக்க என்றார். அரசாங்கம் இணங்கவில்லை. 1929 ஏப்ரல் 8-ஆம் நாள் அவர் தீர்ப்புரைக்க முற்பட்ட வேளையில் பகத்சிங்கும் படுகேசுவர தத்தரும் குண்டு வீசினர். புகை அடங்கி மூன்று நாள் கழிந்து, ஏப்ரல் 11-இல், முன்னெண்ணியவாறே மசோதாவை விவாதத்திற்கு எடுக்க இடந்தரவில்லை. வைசிராய் அவசரச் சட்டத்தால் தம் எண்ணத்தை முடித்துக்கொண்டார்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டபோது, தலைமை ஆசனத்திலிருந்தவாறே அரசியற் போரில் இறங்குதல் முறையன்றென, முதலில் பதவியைத் துறந்தார். பின்னரே போரில் இறங்கிச் சிறை சென்றார். உடல் நலிந்து, 1933 அக்டோபர் 22-இல் ஜெனீவாவில் காலமானார். அவரது பூதவுடல் கடல் கடந்து வந்து பம்பாயில் தகனமாயிற்று.