‘த்ரீ நாட் த்ரீ’க்குப் பின்னால் இருந்தவர்: யார் இந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ?

மயிலாப்பூர் லஸ் கார்னர் சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கும் புல்லட்டைப் பார்த்திருப்பீர்கள். அதன் டேங்கில் இருக்கும் ‘என்ஃபீல்டு’ உண்மையில் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1893-ல் அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஆர்டர், ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ஒரு சைக்கிள் கம்பெனிக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் கம்பெனி தன் பெயரையே என்ஃபீல்டு என்று மாற்றிக்கொண்டது. அதே கம்பெனிதான் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து நம்ம ஊருக்கு வந்தது.

சரி, அப்போது என்ஃபீல்டில் தயாரான ரைஃபிள் யாருடைய டிசைன்? ஜேம்ஸ் பாரிஸ் லீ என்ற வாட்ச் ரிப்பேர்க்காரருடையது. போலீஸ்காரர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொல்வார்களே, அந்த லீ என்ஃபீல்டின் ‘லீ’ இவர்தான்.

1831-ல் ஸ்காட்லாந்தின் ஹாவிக் நகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு நகை, கடிகாரத் தொழில். பையனும் அதையே கற்றுக்கொண்டான். 12 வயதில் அவன் செய்த முதல் துப்பாக்கி ஒரு ஒட்டுவேலை. அப்பாவின் பழைய குதிரைவீரர் பிஸ்டலை எடுத்துக்கொண்டான். வால்நட் மரத்தில் கட்டையைத் தானே செதுக்கினான். மருந்து வைக்கிற கிண்ணத்துக்கு ஒரு அரை பென்னிக் காசைக் குடைந்தான். சுட்டுப் பார்த்தால், சரியாக வேலை செய்யவில்லை! பழைய ஒரிஜினல் பாகத்தைப் புதுசோடு சேர்த்தால் மட்டும் துப்பாக்கி ஆகிவிடாது என்பது அப்போதே தெரிந்துபோனது.

பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் போய்க் குடியேறினார். உள்நாட்டுப் போர் சமயத்தில் ராணுவத்துக்கு 1,000 கார்பைன்கள் செய்துதர ஒப்பந்தம் போட்டார். குழலின் துளை அளவில் தகராறு வந்து, ராணுவம் சரக்கை ஏற்க மறுத்துவிட்டது. மில்லிமீட்டர் கணக்கில் ஒரு வித்தியாசம், ஒரு கம்பெனியையே சாய்த்தது.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு தகரப் பெட்டி என்றே சொல்லலாம். 1879-ல் காப்புரிமை பெற்ற மேகசின் அது. தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ஸ்பிரிங் வைத்து, போல்ட்டுக்குக் கீழே மாட்டிவிடலாம், வேண்டுமென்றால் கழற்றலாம். இன்றைய ராணுவ ரைஃபிள்களில் தொங்குகிற மேகசின்களுக்கு இதுதான் மூதாதை. பிரிட்டன் 1888-ல் லீயின் போல்ட்டையும் மேகசினையும் எடுத்து, மெட்ஃபோர்டு என்பவர் வடிவமைத்த குழலோடு சேர்த்து லீ மெட்ஃபோர்டு ரைஃபிளை உருவாக்கியது. 1895-ல் குழல் மாறியது, பெயரும் லீ என்ஃபீல்டு ஆனது. 1904 பிப்ரவரியில் லீ அமெரிக்காவில் இறந்தார். இரண்டு உலகப் போர்களையும் அவர் பார்க்கவில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் 50 சிப்பாய்கள் 1,650 ரவுண்டு சுட்டார்களே, அதற்கும் இந்த ரைஃபிள்தான் என்பது அவருக்குத் தெரியாமலே போனது.

ஒரிஜினலா, காப்பியா?

மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இந்த ரைஃபிளைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. அதிகாரபூர்வமான கதை அது. இன்னொரு கதை இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தர்ரா ஆதம் கேலில் நடந்தது. அங்கே பட்டறைகளில் அரத்தை வைத்து ராவியே லீ என்ஃபீல்டு நகல்களைச் செய்தார்கள். உடைந்த ஒரிஜினல்களின் பாகங்களும் அவற்றில் கலந்தன. முத்திரையையும் காப்பி அடித்தார்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். விக்டோரியா ராணி இறந்தது 1901-ல். அதற்குப் பிந்தைய வருஷம் போட்ட துப்பாக்கியில் அவருடைய முத்திரை இருந்தது! ஆங்கில எழுத்து ‘என்’ திரும்பி நிற்பதும் சகஜம்.

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சீரியஸ். ஒரிஜினல் ரைஃபிளில் போல்ட்டும் உடலும் ஜோடி பார்த்துப் பொருத்தப்பட்டு, இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். வேறொன்றின் போல்ட்டை மாட்டினால், அது உள்ளே நுழையும், பூட்டவும் பூட்டும். ஆனால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இடைவெளி கூடிவிட்டால், சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து கொதிக்கும் வாயு சுடுபவர் முகத்துக்கே திரும்பும். குழலின் இரும்பும் மட்டமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருப்பது அசல் என்ஃபீல்டு போல்ட் என்பதாலேயே ஒரு நகலை நம்பிச் சுட முடியாது.

இந்தியாவில் இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் பாகங்களும் அடக்கம். பொம்மைத் துப்பாக்கியைச் சுடக்கூடியதாக மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். தி.நகர் ஃப்ளாட்டின் ஹாலில் ஷோபீஸாக ஒரு மர ரெப்ளிகா மாட்டுவது வேறு. ‘வின்டேஜ் லுக்’ வரட்டும் என்று அதில் நிஜ போல்ட்டைச் சேர்ப்பது முற்றிலும் வேறு. தாத்தாவின் பரணில் கிடைத்த பழைய பாகமாக இருந்தாலும் இதே கதைதான். அதை எடுத்துக்கொண்டு ஆன்லைனில் விலை கேட்கப் போகாமல், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்வதே பாதுகாப்பு.

.303 தோட்டா தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. அதனால் இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள் உரிமம் உள்ள பொதுமக்களுக்காக .315 ரைஃபிளைத் தயாரித்தன. தோட்டா வேறு, துளை வேறு. போல்ட் மட்டும் பழைய வாட்ச் ரிப்பேர்க்காரர் போட்ட அதே டிசைன்.