ரேடியோ செய்த தாண்ட்பேர்க்

பிள்ளைகளே, இன்றைக்குத் தொலைபேசியைத் தொட்டவுடன் பாட்டு வரும். முந்தி ரேடியோவில் அப்படி வராது. குமிழைத் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேணும். ஏன் தெரியுமோ? பெட்டிக்குள் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. வால்வுக்குள் காற்று இல்லை. உள்ளே ஒரு மெல்லிய கம்பி சூடாகி, மெதுவாக ஒளிரும். அது சூடான பிறகுதான் சத்தம் வரும்.

அப்படிப்பட்ட ரேடியோக்களைச் செய்தவர்தான் வேபியோர்ன் தாண்ட்பேர்க். அவர் 1904ஆம் ஆண்டு பிறந்தார். வளர்ந்தது வடக்கே உள்ள பூடோவில். துரொண்ட்ஹைமில் மின்பொறியியல் படித்து 1930இல் முடித்தார். 1933இல் ஒஸ்லோவில் ஒரு சின்ன ரேடியோத் தொழிற்சாலை தொடங்கினார். அது கஷ்டமான காலம். நோர்வேயில் நிறையப் பேருக்கு வேலை இல்லை. ஆனாலும் அவர் துணிந்தார். தன் முதல் ரேடியோவுக்குத் தொம்மெலீத்தன் என்று பெயர் வைத்தார். கதையில் வரும் பெருவிரல் அளவுச் சிறுவனின் பெயர் அது!

ரேடியோ செய்தால் மட்டும் போதாது, சோதித்தும் பார்க்க வேணும். அதற்கு அந்தக் காலத்தில் அலைகாட்டி என்ற கருவி இருந்தது. அதற்குள்ளும் வால்வுகள்தான். அதன் வட்டத் திரையில் சத்தம் ஒரு பச்சைக் கோடாக வளைந்து வளைந்து ஓடும். ரேடியோவுக்குள் போன அலையும் வெளியே வந்த அலையும் ஒரே வடிவமா என்று அதில் பார்க்கலாம். கோடு கோணினால் எங்கேயோ பிழை இருக்கிறது. நான் எழுதும் மென்பொருளையும் இப்படித்தான் சோதிப்போம். பிழையை நாங்கள் கண்டுபிடிக்காவிட்டால், வாங்கினவர் கண்டுபிடிப்பார்!

தாண்ட்பேர்க் தன் தொழிலாளர்களையும் கவனித்தார். மற்ற இடங்களை விட அங்கே வேலை நேரம் குறைவு, விடுமுறை அதிகம். வயது போனவர்களுக்கு ஓய்வூதியமும் கிடைத்தது. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

பிறகு போர் வந்தது. 1941இல் ஜெர்மன் படையினர் மக்களிடம் இருந்த ரேடியோக்களைப் பறித்தார்கள். சிலர் ரேடியோவை ஒளித்து வைத்து, இரகசியமாக லண்டன் செய்தி கேட்டார்கள். பிடிபட்டால் பெரிய தண்டனை. உங்கள் அம்மம்மா, அம்மப்பாவிடம் கேட்டுப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதை சொல்லுவார்கள். செய்தி சோறு மாதிரி. இல்லாவிட்டால்தான் அதன் அருமை தெரியும்.

போர் முடிந்த பிறகு ஒஸ்லோவின் ஷெல்சோஸில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அங்கே செய்த ஒலிப்பதிவுக் கருவிகள் வெளிநாடுகளுக்கும் போயின. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவற்றைக் கேட்டுப் புது மொழிகள் படித்தார்கள், நீங்கள் இப்போது தமிழ் படிக்கிற மாதிரி.

பிறகு வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. நிறுவனம் தொலைக்காட்சியும் செய்தது. வெளிநாட்டுப் போட்டி கூடியது, நட்டமும் கூடியது. 1978இல் தாண்ட்பேர்க்கை அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே விலக்கினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அவர் இறந்துவிட்டார். டிசம்பரில் நிறுவனமும் திவாலானது.

ஆனால் அந்தப் பெயர் அழியவில்லை. தாண்ட்பேர்க் என்ற பெயரிலேயே இன்னொரு நிறுவனம் வளர்ந்தது. தூரத்தில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசும் கருவிகளை அது செய்தது. 2010இல் சிஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது.

ஷெல்சோஸில் இப்போது தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பா அம்மாவோடு ஒருநாள் போய் வாருங்கோ. பழைய ரேடியோவைக் கண்டால் அதன் முகத்தை வாசித்துப் பாருங்கோ. பல ஊர்களின் பெயர்கள் எழுதியிருக்கும்.

யோசித்துச் சொல்லுங்கள்: தாண்ட்பேர்க்கின் நிறுவனம் மூடப்பட்டது. அப்படியென்றால் அவர் தோற்றுவிட்டாரா? உங்கள் பதிலுக்கு இரண்டு காரணம் சொல்லுங்கள்.