ஒரே நாளில் 6 மெடல்... மரக்காலோடு ஒலிம்பிக்ஸைக் கலக்கிய ஜார்ஜ் ஐசர்!

ஜூலையில் 118-வது இடம். அதே வருஷம் அக்டோபரில், ஒரே நாளில் 6 மெடல். அதில் 3 தங்கம்!

ரெண்டு பேரோட கதை இல்லைங்க இது. ஒரே ஆள், ஒரே ஒலிம்பிக்ஸ். அவர் பேரு ஜார்ஜ் ஐசர். அவருக்கு இடது கால் கிடையாது. அந்த இடத்தில் இருந்தது ஒரு மரக்கால்.

நாலே மாசத்தில் அப்படி என்னதான் மாறுச்சு? ஐசரின் வாழ்க்கையில் நாம பார்க்கவேண்டிய விஷயமே அதுதான்.

யார் இந்த ஐசர்?

1870-ல் ஜெர்மனியின் கீல் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். 14 வயசில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தார். 1894-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கொஞ்ச காலம் டென்வரில் இருந்துவிட்டு செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. பகல் முழுக்கப் பேரேடும் பேனாவும்தான்.

ரயில் ஏறியதில் இடது காலை இழந்தவர் அவர். ஆனாலும், மரக்காலைப் பொருத்திக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் போனார். 'ஏன் ஜிம்னாஸ்டிக்ஸ்?'னு கேட்டா, அதுக்கு அவர் வளர்ந்த சூழலில் பதில் இருக்கு. ஜெர்மானியர்கள் எந்த ஊருக்குக் குடிபோனாலும் 'டர்ன்ஃபெராயின்' என்ற உடற்பயிற்சிக் கழகத்தை ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம ஊர் சிலம்பக்கூடம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. உடம்பை வளர்க்கிற இடமும் அதுதான், சொந்தக்காரங்க, ஊர்க்காரங்களைப் பார்க்கிற இடமும் அதுதான். செயின்ட் லூயிஸில் 'கன்கார்டியா' என்ற கழகத்தில் ஐசர் சேர்ந்தார்.

ஜூலை: கடைசி வரிசை

1904 ஒலிம்பிக்ஸ், செயின்ட் லூயிஸிலேயே நடந்தது. அங்கே நடந்துகொண்டிருந்த பிரமாண்டமான உலகக் கண்காட்சியோடு ஒட்டவைத்த போட்டி அது. அதனால் இப்போது மாதிரி ரெண்டு வாரத்தில் முடியவில்லை, மாசக்கணக்கில் இழுத்தது. வந்த வீரர்களில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கர்கள்தான். தங்கம், வெள்ளி, வெண்கலம்னு முதல் மூணு இடங்களுக்கும் மெடல் கொடுக்கும் வழக்கம் அந்த ஒலிம்பிக்ஸில்தான் ஆரம்பித்தது.

ஜிம்னாஸ்டிக்ஸ் ரெண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டம் ஜூலை ஆரம்பத்தில். அதில் ஒரு விநோதமான விதி இருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் கம்பியில் சுழன்றால் மட்டும் போதாது. நீளம் தாண்டணும், குண்டு எறியணும், 100 கெஜம் ஓடணும். அந்த மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் ஒட்டுமொத்த ரேங்க்.

மரக்காலோடு 100 கெஜ ஓட்டம். யோசிச்சுப் பாருங்க!

ஐசர் பின்வாங்கவில்லை, கலந்துகொண்டார். அந்த மூன்று தடகளப் போட்டிகளிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது 118-வது இடம். ஆனால், ஜிம்னாஸ்டிக்ஸ் பகுதியை மட்டும் தனியாகப் பார்த்தால் அவர் 10-வது இடம்! ரெண்டையும் கூட்டியதும் 71-வது இடத்துக்குத் தள்ளப்பட்டார். கடைசி ரேங்கை மட்டும் பார்க்கிறவங்களுக்கு, நடுவில் இருந்த அந்த 10 கண்ணில் படவே படாது.

அக்டோபர்: அந்த ஒரு நாள்

அக்டோபர் மாசக் கடைசியில் ரெண்டாவது கட்டம். இந்த முறை ஓட்டமும் இல்லை, குண்டு எறிதலும் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும்தான்.

பேரலல் பார்ஸில் தங்கம். அடுத்து கயிறு ஏறும் போட்டி. ஆமாங்க, அப்போ அது ஒலிம்பிக்ஸில் இருந்தது! 25 அடி உயரக் கயிற்றை 7 விநாடியில் ஏறி முடித்து, அதிலும் தங்கம். பாமல் ஹார்ஸில் வெள்ளி. நான்கு கருவிகளையும் சேர்த்த ஒட்டுமொத்தப் பிரிவில் இன்னொரு வெள்ளி. ஹரிசாண்டல் பாரில் வெண்கலம்.

'இதெல்லாம் கைப்பலம் சம்பந்தப்பட்டதுதானே, காலுக்கு என்ன வேலை?'ன்னு சிலருக்குத் தோணலாம். அவ்வளவு சுலபம் இல்லை. பாமல் ஹார்ஸில் கைகளை ஊன்றி, ரெண்டு காலையும் சுழற்றணும். ரெண்டு காலின் எடையும் ஒன்றாக இல்லையென்றால் உடம்பு ஒரு பக்கமாக இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சமாளிக்கணும்.

சரி, மூணாவது தங்கம் எதில் தெரியுமா? வால்ட்டில்! ஓடிவந்து, எம்பி, நீளமான குதிரையைத் தாண்டி, தரையில் காலூன்றி நிற்கும் போட்டி. பிலடெல்பியாவிலிருந்து வந்த ஆன்டன் ஹைடா என்ற வீரர் அன்று ஐசருக்குச் சரியான போட்டி. வால்ட்டில் ரெண்டு பேரும் சமநிலையில் முடித்ததால், தங்கம் ரெண்டு பேருக்குமே. கால் இல்லாதவர், காலை நம்பி ஜெயிக்கவேண்டிய போட்டியிலும் முதலிடம்!

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அன்று மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. முதல் பாராலிம்பிக்ஸ் ரோமில் நடந்தது 1960-ல்தான். ரெண்டு காலும் உள்ள வீரர்களோடு, அதே விதி, அதே நடுவர்கள் முன்னால்தான் ஐசர் ஜெயித்தார்.

அதுக்கப்புறம்?

ஐசர் கழகத்தை விடவில்லை. 1908-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த சர்வதேசப் போட்டியிலும், 1909-ல் சின்சினாட்டியில் நடந்த தேசியப் போட்டியிலும் கன்கார்டியா அணி ஜெயித்தது. ரெண்டிலும் அவர் இருந்தார். 14 வயசில் விட்டுவந்த நாட்டுக்கு, வெற்றிபெற்ற அணியின் வீரராகத் திரும்பிப் போனார். 1919-ல் காலமானார்.

ஐசர் கதையை 'தன்னம்பிக்கை இருந்தா எதையும் ஜெயிக்கலாம்' என்ற ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனா, ஜூலையிலும் அவருக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லை. திறமைக்கும் குறைச்சல் இல்லை. மாறியது அவர் இல்லை, அவரை எதை வைத்து அளந்தார்கள் என்பதுதான்.

ஒரு ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'நான் எதுக்கும் லாயக்கில்லை'ன்னு உட்கார்ந்திருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க. அந்த ரேங்க்குக்குள்ளே ஒரு '10-வது இடம்' ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல தேடிப்பார்க்கட்டும்.