ஸர் ஆர்தர் காட்டனும் கோதாவரி அணையும்

பேரணை ஒன்றைக் காண்பார் அதன் நீளத்தையும் உறுதியையும் கண்டு வியப்பர். அவ்வணையில் ஒரு கல் வந்து அமர்வதற்கு முன் அக்கல்லை எங்கு வெட்டுவது, எவ்வழி கொணர்வது, எந்நாளில் இடுவது, இடுவார்க்கு உணவு எங்கிருந்து வருவது என்றெல்லாம் ஒருவர் இரவு பகலாய் எண்ணியிருந்தார் என்பதை நினைப்பார் மிகச் சிலரே. கட்டிடம் கண்ணுக்குப் புலனாவது. அதனைக் கட்டிய ஒழுங்கோ கட்டி முடிந்தவுடன் மறைந்துபோவது. மறைந்த அவ்வொழுங்கின் பொருட்டே ஸர் ஆர்தர் காட்டன் என்னும் பெரியாரின் வரலாற்றை நம் மாணவர்க்கு ஈண்டுச் சுருங்க எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். அவர்தம் பெற்றோர்க்குப் புதல்வர் பதினொருவர். அவருள் இவர் பத்தாமவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைக்கு இளைஞரைப் பழக்கிய அடிஸ்கம் கல்லூரியிற் பயின்று, சென்னை எஞ்சினீயர் படையில் அமர்த்தப் பெற்றார். 1821-ல் சென்னை வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது பதினெட்டே. பின்னர்ப் பர்மியப் போரிற் பணியாற்றினார். பாம்பன் கால்வாயை ஆழப்படுத்தும் முயற்சியிலும் ஈடுபட்டார். ஆயினும் அவரை அவராக்கியது நம் காவிரியே எனலாம்.

அந்நாளில் தஞ்சை நாட்டிற்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்திருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரியுமிடத்தில் காவிரியின் படுகை மணலால் மேடிட்டு வந்தது. தாழ்ந்து கிடந்த கொள்ளிடமோ நீரையெல்லாம் தன்பால் ஈர்த்துக் கடலிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆட்கள் மணலை வாரியும் பயன் சிறிதே. காட்டன் வேறு வழி கண்டார். மேடிட்ட காவிரியைத் தோண்டுவதைவிடத் தாழ்ந்த கொள்ளிடத்தின் குறுக்கே அணையிட்டு அதன் நீர்மட்டத்தை உயர்த்துவதே தக்கதெனத் துணிந்தார். அங்ஙனம் முக்கொம்பில் மேலணையும், அதற்குக் கீழே நெடுந்தொலைவில் கீழணையும் 1836-ல் எழுந்தன.

இவற்றை எழுப்பப் புகுமுன் அவர் ஆராய்ந்தது கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையையாம். அடியற்ற மணலின்மேல் அத்துணைப் பழமையான அணை எங்ஙனம் நிலைத்தது என்பதே அவருடைய வினா. பாறையைத் தேடி மண்ணுக்குள் இறங்க வேண்டுவதில்லை, மணலிலேயே தக்க முறையில் அடிப்படை அமைத்துப் பெருங்கற்களைப் பரப்பினால் ஆற்றை மறிக்கலாம் என்னும் உண்மையைப் பண்டைத் தமிழரின் வேலையினின்றும் கற்றார், கற்றதை மறைக்கவுமில்லை. அம் மேலணை நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் மதகுகள் சில இடிந்து வீழும் வரை உழவர்க்கு உதவிற்று.

அதே காலத்தில் சென்னையை அடுத்த செங்குன்றத்தினின்று சாலை போடுதற்கு வேண்டிய செம்புரைக் கல்லைக் கொணரும் பொருட்டு ஓர் இருப்புப்பாதை அமைந்தது. 1837-ல் ஓடிய அப்பாதை காட்டனுடைய ஏற்பாட்டின் பயனே என்பர். மக்கள் ஏறிச் செல்லும் ரயில்வண்டி இந்நாட்டில் 1853-லேயே ஓடத் தொடங்கிற்று. அதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்பே, ஒரு வேலையின் உயிர்நாடி சரக்கு வந்து சேரும் வழியே என்பதை இவர் உணர்ந்திருந்தார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

நிற்க. இனி அவர்தம் வாழ்வின் தலைசிறந்த செயலாகிய கோதாவரி அணைக்கு வருவோம். கோதாவரிக் கழிமுகநாடு பெரியதோர் ஆற்றைத் தன் நடுவே கொண்டிருந்தும் வறுமையால் வாடிற்று. 1833-ஆம் ஆண்டையொட்டி வந்த கொடிய பஞ்சமும், 1839-ல் கோரங்கிக் கரையை மோதிய புயலும் அந்நாட்டைச் சிதைத்தன. 1821-ல் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த அம்மாவட்டத்து மக்கள்தொகை இருபதாண்டுகளில் ஐந்தரை லட்சத்தளவாகக் குறைந்தது. ஒருபுறம் வெள்ளம் வயலை அழித்துக் கடலுக்கு ஓடும். மறுபுறம் அவ்வெள்ளம் வடிந்த சில திங்களில் மக்கள் நீரின்றி மடிவர். இக்காட்சி காட்டனின் உள்ளத்தை வருத்திற்று. நோயுற்ற உடலோடு குதிரைமீதும் படகிலும் ஆறு முழுதும் அலைந்து அளந்து, 1844-45-ல் அரசினர்க்கு அறிக்கை விடுத்தார். தயங்கித் தயங்கி அவர்கள் இசைவு தர, 1847-ல் வேலை தொடங்கிற்று.

தவளேசுவரத்தில் கோதாவரி இடைத்தீவுகளால் நான்கு கிளைகளாகப் பிரிந்து ஓடுகின்றது. ஆகவே கட்ட வேண்டியது ஓரணையன்று, நான்கு அணைகள். தவளேசுவரக் கிளையில் 4,872 அடி, ராலிக் கிளையில் 2,862 அடி, மத்தூர்க் கிளையில் 1,548 அடி, விஜ்ஜேசுவரக் கிளையில் 2,598 அடி. ஆக 11,880 அடி, அஃதாவது இரண்டேகால் மைல் நீளம் கற்சுவர் எழுப்ப வேண்டும்.

இதற்கு அவர் பழக்கமுள்ள எஞ்சினீயர்கள் பலரையும் பல்லாயிரம் தொழிலாளரையும் வேண்டினார். கிடைத்த துணையோ மிகச் சிறிது: இனிமேற் பழக்க வேண்டிய ஓரிரு இளைஞரும் ஒருசில நில அளவையாளருமே. இக்குறையை நினைத்து அவர் வேலையை நிறுத்தினாரல்லர். இருந்தவரைக்கொண்டு இயற்றுதற்கு ஏற்ப வேலையை எளிய பகுதிகளாகப் பிரித்தார். ஏறத்தாழப் பதினாயிரம் மக்கள் அங்கு வந்து கூடினர். கல்லுடைப்போர், கொத்தர், தச்சர், கொல்லர், படகோட்டிகள், மண் சுமப்போர் எனப் பலதிறத்தார் ஒருவர் வேலைக்கு ஒருவர் காத்திராவண்ணம் அவர்களை நடத்த வேண்டியிருந்தது. அந்நாட்டினராகிய வீணம் வீரண்ணா என்பார் தொழிலாளரைத் திரட்டியும் மேற்பார்த்தும் காட்டனுக்குப் பெருந்துணையாய் நின்றார்.

ஆற்றணை கட்டுவோர்க்கு முதற் பகைவன் காலமே. கோதாவரியில் ஜூன் மாதத்தில் புதுவெள்ளம் வரத் தொடங்கும்; அது முற்றும் வடிந்து மணல் தெரிவதற்குள் ஆண்டு முடியும். எனவே வேலைக்கு உதவுவது ஓராண்டிற் பாதியே. அவ்வரை ஆண்டில் தொடங்கிய பகுதி வெள்ளம் வருமுன் தாங்கும் நிலையை அடைதல் வேண்டும். அரைகுறையாய் நின்றால் ஆறு அதனை வாரிக்கொண்டு போகும். மற்றுமோர் இடர் உண்டு. ஆற்றின் ஒரு பகுதியை அடைக்க அடைக்க, எஞ்சிய வழியில் நீர் விரைந்து பாயும். கடைசிப் பிளவை மூடும் நாளில் கல் போதாதெனின் முன்னர்ச் செய்ததெல்லாம் வீணாகும். ஆதலின் வேலையில்லாத மழைக்காலமே உண்மையில் ஆயத்தக் காலம். கல் வெட்டிக் குவித்தலும், சுண்ணாம்பு சுடுதலும், மரம் அறுத்தலும், படகு பழுதுபார்த்தலும் அப்பொழுது நடைபெற வேண்டியவை.

இடத்தைத் தெரிந்துகொண்டதிலேயே காட்டனுடைய முன்யோசனை விளங்குகின்றது. தவளேசுவரத்துக் கரையை அடுத்தே மணற்கற் குன்று உண்டு. அங்கு வெட்டிய கல் இருப்புப்பாதை வழியே வண்டிகளில் உருண்டு ஆற்றங்கரையை அடையும். கரையினின்று படகுகளிலேறி உரிய கிளைக்குச் செல்லும். கரையிலேயே பட்டறைகள் எழுந்தன. உடைந்த உளியும் சம்மட்டியும் அங்கேயே செப்பமுற்றன. குன்றிலிருந்து அணை வரை கல் ஓர் ஓடையைப்போல் இடையறாது ஒழுகவேண்டும் என்பதே நோக்கம். அவ்வோடை எங்கேனும் தடைப்படின், கல்லுக்காகக் கொத்தனும் படகுக்காகக் கல்லும் காத்துக் கிடக்கும். கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அணையின் அமைப்பும் இம்முறைக்கு இசைந்ததே. மணலிற் கிணறுகளை இறக்கி அவற்றின்மேற் சுவர் எழுப்பி, சுவர்களின் இடைவெளியை நிரப்பி, வெள்ளம் வீழுமிடத்தில் பெருங்கற்களைச் சரிவாகப் பரப்பினர். கிணறு இறக்குதல் இந்நாட்டுத் தொழிலாளர்க்குக் கைவந்த கலை. அயல்நாட்டுப் பொறிகளையும் வினைஞரையும் எதிர்பாராமல், அருகிற் கிடைக்கும் கல், சுண்ணாம்பு, மரம், மக்களறிந்த தொழில் ஆகியவற்றைக்கொண்டே திட்டம் வகுத்தமையால்தான் குறைந்த துணையோடு வேலை நடந்தது.

இவ்வுழைப்புக்குக் காட்டன் கொடுத்த விலை சிறிதன்று. வெயிலும் ஓயா அலைச்சலும் அவரை வீழ்த்தின; 1848-ல் வேலையை விட்டு உடல்நலம் தேடி ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தது. அப்பொழுது காப்டன் ஆர் என்பார் பொறுப்பேற்று அணையைக் குறைவின்றி வளர்த்தார். தலைவன் இல்லாதபோதும் நடக்கும் வேலையே ஒழுங்குபெற்ற வேலையாம். 1850-ல் மீண்ட காட்டன் 1852-ல் அணை நிறைவெய்தியதைக் கண்டார்.

அணை முடிந்தாற் போதாது. வாய்க்கால் வயலை எட்டுதல் வேண்டும். நாகரம் தீவுக்கு நீர் செல்ல ஆற்றின் கிளையொன்று குறுக்கே நின்றது. அதன்மேல் கன்னவரத்தில் 49 கண்களையுடைய தொட்டிப்பாலம் ஒன்றை ஹெய்க் என்னும் இளம் எஞ்சினீயர் கட்டினார். கண் ஒவ்வொன்றும் 40 அடி அகலம். பாலத்தின் நீளம் 2,248 அடி. இத்துணைப் பெரிய வேலையை 1851-52-ஆம் ஆண்டின் ஒரே வறட்சிப் பருவத்தில் வெள்ளத்தை முந்திக்கொண்டு முடித்தனர். சில ஆண்டுகட்கு முன் தொழில் பழகவேண்டிய நிலையிலிருந்த இளைஞர் இங்ஙனம் தாமே ஒரு பெருவேலையைத் தாங்கினாரெனின், காட்டன் கட்டியது அணையை மட்டுமன்று, ஆட்களையுங்கூட என்பது தெளிவு.

விளைவு நாடறிந்தது. ஏறக்குறையப் பத்து லட்சம் ஏக்கர் நிலம் கோதாவரி நீரால் விளைவதாயிற்று. பஞ்சத்தால் மக்கள் ஓடிய நாடு பிற நாட்டுக்கு நெல் அனுப்பும் நாடாயிற்று. கோதாவரி அணையின் வெற்றியைக் கண்டு கிருஷ்ணா நதிக்கும் விஜயவாடாவில் அணை எழுந்தது. அதனை முடித்தவரும் மேற்கூறிய ஆர் அவர்களே.

ஆயினும் பெரியார் வரலாற்றைக் கூறுங்கால் நிறையை மட்டும் கூறுதல் நேர்மையன்று. கோதாவரி அணைக்கு முதலில் இட்ட மதிப்பு ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்டது; செலவோ அதனினும் பன்மடங்கு மிகுந்தது. அவ்வேலை தந்த பயன் அக்குறையை மறைத்துவிட்டது. ஆனால் அவர் ஊக்கத்தால் எழுந்த கர்நூல்-கடப்பைக் கால்வாயில் அங்ஙனம் நேரவில்லை. அங்கு நிலம் பெரும்பாலும் கரிசல். மழையையே நம்பிப் பயிரிட்டுப் பழகிய உழவர் நீருக்கு வரி கொடுத்து வாங்க முன்வரவில்லை. செலவு பெருகிற்று, வருவாய் குறைந்தது. கடைசியில் 1882-ல் அரசினரே அதனை ஏற்க வேண்டியதாயிற்று. கல்லும் ஆளும் வந்து சேரும் வழியைக் கணக்கிட்டதுபோல, நீரைக் கொள்வாரின் மனத்தையும் மண்ணின் இயல்பையும் கணக்கிடுதல் வேண்டும் என்பதை இத்தோல்வி அறிவுறுத்துகின்றது.

1861-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. தாய்நாடு திரும்பிய பின்னும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். இந்தியாவுக்கு ரயில் முதலில் வேண்டுமா, நீர்ப்பாசனமும் படகுக் கால்வாயும் முதலில் வேண்டுமா என்னும் வழக்கில் நீரின் பக்கம் நின்று வாதாடினார். 1878-ல் பார்லிமெண்டுக் குழுவின் முன்னும் தம் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். முதுமையில் டார்க்கிங் என்னும் ஊரில் சிறு நிலத்தை ஆழ உழுது கோதுமை பயிரிட்டு ஆராய்ந்துவந்தார். 1899-ஆம் ஆண்டு ஜூலை 24-ல், தம் தொண்ணூற்றாறாம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார்.

அவர் கட்டிய பழைய அணை ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்து ஓய்ந்தது. 1970-க்குப் பின் அதனருகே எழுந்த புதிய அணைக்கும் அவர் பெயரே இடப்பட்டது. கோதாவரி மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் அவர்தம் சிலை நிற்கின்றது. வெயிலிற் கல் சுமந்த பதினாயிரவருக்கோ சிலையில்லை. அவர்தம் பெயரும் ஏட்டில் இல்லை. அவ்வணையின் ஒவ்வொரு கல்லும் அவர்க்கே சின்னம் எனக் கொள்வோமாக.

நம் மாணவருள் நாளை பாலமும் கட்டிடமும் எழுப்பப் புகுவோர் பலர் இருக்கலாம். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ நடத்தப் புகுவோரும் இருக்கலாம். வேண்டிய துணை கிடைத்தபின் தொடங்குவோம் என்று காத்திருத்தல் எளிது. இருக்கும் துணையை அளந்து, வரும் வெள்ளத்தின் நாளை அறிந்து, கல் முதல் கஞ்சி வரை ஒவ்வொன்றும் உரிய காலத்தில் உரிய இடத்தை அடையுமாறு முன்னரே எண்ணிச் செய்தல் அரிது. அவ்வரிய செயலே ஒரு நாட்டின் பசியைத் தீர்த்தது என்பதைக் காட்டன் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. விடுமுறையில் முக்கொம்பு செல்லும் நம் மாணவர், நீரின் அழகைக் கண்டு மகிழ்வதோடு அந்நீருக்கு வழிவகுத்த ஒழுங்கையும் சிறிது எண்ணிப் பார்ப்பாராயின், நாம் இதனை எழுதிய பயனை அடைந்தோமாவோம்.