நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார்

மூன்றாவது பிரசவத்திலும் பெண்ணே பிறந்தால் பழி யார் தலையில் விழும் என்பதைத் தமிழ்நாட்டில் எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பெற்றவள்தான் குற்றவாளி. மாமியார் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்; உறவினர் ஜாடை பேசுவர்; புருஷனோ வம்சம் விளங்க வேண்டுமென்று இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்கத் துணிவான். இவ்வளவும் ஓர் எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை: ஆணைப் பெறுவதும் பெண்ணைப் பெறுவதும் தாயின் வயிற்றைப் பொறுத்தது என்பதே அது. அந்த எண்ணம் 1905-ம் வருஷத்தில் தகர்ந்து போயிற்று. தகர்த்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயரை அறிந்தவர்கள் சர்வகலாசாலைகளுக்கு வெளியே மிகச் சிலரே.

நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் 1861 ஜூலை 7-ந் தேதி அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில், காவெண்டிஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் தச்சு வேலை செய்து ஜீவித்தவர். நெட்டி சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயார் காலமானார். பின்னர் குடும்பம் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வெஸ்ட்போர்டுக்குக் குடியேறியது. அங்கே 1880-ல் பள்ளிப் படிப்பை முடித்தார்.

படித்த பெண்ணுக்கு அக்காலத்து அமெரிக்காவில் திறந்திருந்த வாசல்கள் மிகச் சில. அவற்றுள் முக்கியமானது உபாத்தியாயினி வேலை. நெட்டியும் அதில்தான் நுழைந்தார். சில பருவங்கள் கற்பித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷங்களில் முதன்மையாக முடித்தார். பிறகு மறுபடியும் பள்ளிக்கூடம். சில காலம் புத்தகசாலை வேலை. இப்படியே பதின்மூன்று வருஷங்கள் சென்றன. விஞ்ஞான சரித்திரம் எழுதுவோர் இவ்வருஷங்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இருபது வயதில் சென்றடையும் இடத்துக்கு ஒரு தச்சர் மகள் சென்றடைய எவ்வளவு காலம் பிடித்தது என்பதை அந்த வரிதான் காட்டுகிறது. கலிபோர்னியாவில் புதிதாகத் தோன்றியிருந்த ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 1896-ல் அவர் மாணவியாகச் சேர்ந்தபோது வயது முப்பத்தைந்து. தம்மைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார். 1899-ல் பி.ஏ., 1900-ல் எம்.ஏ. விடுமுறை நாட்களைப் பஸிபிக் கடற்கரையிலிருந்த ஆராய்ச்சிச்சாலையில் கடல் ஜந்துக்களைச் சோதிப்பதில் கழித்தார்.

அதன்பின் பென்ஸில்வேனியாவிலுள்ள பிரின் மார் என்ற மாதர் கலாசாலை. ஜீவசாஸ்திர நிபுணர் தாமஸ் ஹன்ட் மார்கன் அங்கே ஆசிரியராக இருந்தார். அந்தக் கலாசாலையின் உதவி பெற்று இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துப் பிராணி ஆராய்ச்சி நிலையத்திலும், ஜெர்மனியில் வூர்ட்ஸ்புர்க் நகரில் தியோடர் பொவேரி என்னும் பேரறிஞரிடத்திலும் அம்மையார் பயின்றார். ஜீவ அணுக்களுக்குள்ளே சாயம் ஏற்றினால் கோல்கள் போலத் தெரியும் குரோமோசோம்களே பரம்பரைக் குணங்களைச் சுமக்கின்றன என்று நிலைநாட்ட அக்காலத்தில் முனைந்து நின்றவர் பொவேரி. அம்மையாரின் பிற்கால வேலைக்கெல்லாம் வித்து அங்கே விழுந்தது. 1903-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது.

பட்டம் கிடைத்ததேயன்றிப் பிழைப்புக்கு வழி ஏற்படவில்லை. ஆராய்ச்சிக்கு உதவித் தொகை வேண்டி வாஷிங்டனிலுள்ள கார்னெகி ஸ்தாபனத்துக்கு விண்ணப்பம் செய்தார். பன்னிரண்டு வருஷங்களில் தம்மிடம் பயின்றவர்களில் இவருக்கு இணையான திறமையும் சுயமாக ஆராயும் ஆற்றலும் உள்ளவர் எவருமில்லை என்ற கருத்துப்பட மார்கன் சிபாரிசு எழுதினார். இச் சிபாரிசை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்நாளில் ஆண், பெண் என்ற பேதம் எவ்வாறு ஏற்படுகிறது என்பதைப் பற்றி அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமே இல்லை. தந்தையின் உஷ்ணமே காரணம் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். சுக்கிலம் மிகுந்தால் ஆண், சோணிதம் மிகுந்தால் பெண் என்றது நமது ஆயுர்வேதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய விஞ்ஞானிகளிலேயே பலர், தாயின் போஷாக்கும் சீதோஷ்ணமும் கருவின் பாலை நிர்ணயிக்கின்றன என்று நம்பினார்கள். சில பூச்சிகளின் ஆண் அணுக்களில் ஜோடியில்லாத குரோமோசோம் ஒன்று இருப்பதைச் சிலர் கண்டிருந்தனர். அமெரிக்கரான மக்ளங் என்பவர் அதற்கும் பாலுக்கும் சம்பந்தம் உண்டு என்றுகூடச் சொன்னார். ஆனால் அது ஆணை உண்டாக்குவது என்று அவர் கருதியது தவறாக முடிந்தது.

ஸ்டீவன்ஸ் அம்மையார் எடுத்துக்கொண்ட பிராணிகள் யானையுமல்ல, சிங்கமுமல்ல. கரையான், கரப்பான், அசுவினி, பழைய மாவில் பெருகும் ஒரு வண்டு: வீட்டில் கண்டால் நாம் துடைப்பத்தை எடுக்கும் ஜந்துக்கள். அவற்றின் விந்துப் பைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் தோய்த்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணினார். கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே தின்னும் வேலை இது.

விடை சொன்னது மாவு வண்டு. பெண் வண்டின் அணுக்களில் இருபது குரோமோசோம்கள் இருந்தன, இருபதும் பெரியவை. ஆண் வண்டின் அணுக்களிலும் இருபது இருந்தன. ஆனால் பத்தொன்பது பெரியவை, ஒன்று மாத்திரம் மிகச் சிறியது. முட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது இந்த எண்ணிக்கை பாதியாகக் குறையும். ஆகவே முட்டைகள் அனைத்திலும் பத்துப் பெரிய குரோமோசோம்களே இருக்கும். ஒரு முட்டைக்கும் மற்றொரு முட்டைக்கும் இதில் பேதமில்லை. விந்தணுக்களோ இரு வகைப்படும். பாதியில் பத்தும் பெரியவை. மற்றப் பாதியில் ஒன்பது பெரியவை, ஒன்று சிறியது. முதல் வகை முட்டையோடு சேர்ந்தால் இருபதும் பெரியவையாகிப் பெண் பிறக்கிறது. இரண்டாம் வகை சேர்ந்தால் சிறியது ஒன்று கலந்து ஆண் பிறக்கிறது. கரு உண்டாகும் அந்தக் கணத்திலேயே காரியம் தீர்ந்துவிடுகிறது. முடிவு செய்வது விந்தணு. தாய் உண்ட உணவுக்கோ, அவள் செய்த புண்ணிய பாவத்துக்கோ இதில் இடமில்லை.

இந்த ஆராய்ச்சியைக் கார்னெகி ஸ்தாபனம் 1905-ல் பிரசுரித்தது. அடுத்த வருஷம் வெளியான இரண்டாம் பாகத்தில் வேறு பல வண்டு இனங்களிலும் இதே நியதியைக் காட்டினார். 1908-ல் ஈக்களிலும் காட்டினார். அந்தப் பெரியதையும் சிறியதையும்தான் இன்று எக்ஸ், ஒய் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

இங்கே நியாயம் தவறாமல் ஒன்று சொல்ல வேண்டும். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் எட்மண்ட் வில்ஸனும் அதே 1905-ல், வேறு பூச்சிகளைச் சோதித்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார். அவர் பெரிய அறிஞர். அம்மையாரின் வேலையைக் குறிப்பிடாமல் மறைத்தவருமல்லர். ஆனால் சுற்றுச் சார்புகளுக்கும் பங்கு இருக்கலாமோ என்ற சந்தேகம் அவரை அப்போது முற்றிலும் விடவில்லை. குரோமோசோமே காரணம் என்று உறுதியாக நின்றவர் அம்மையார்தான். மார்கனோ இக்கொள்கையை வெகுநாள் ஏற்கவில்லை. 1910-ல் தம்முடைய பழ ஈக்களிலே வெண்ணிறக் கண் ஆண் ஈக்களுக்கே இறங்குவதைக் கண்ட பின்னரே மனம் மாறினார். அந்த ஈக்களின் ஆராய்ச்சிக்காக 1933-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பால் நிர்ணயத்தைக் கண்டுபிடித்தவர்கள் வில்ஸனும் மார்கனும் என்றே வெகு காலம் பாடப் புத்தகங்கள் எழுதி வந்தன.

அம்மையார் ஒன்றும் பரிசே பெறாதவரல்லர். பெண்கள் எழுதும் விஞ்ஞானக் கட்டுரைகளில் சிறந்ததற்கென ஏற்பட்டிருந்த எல்லன் ரிச்சர்ட்ஸ் பரிசு, 1000 டாலர், 1905-ல் அவருக்குக் கிடைத்தது. பெண்களுக்கென்று தனிப் பந்தி போட்டுப் பரிமாறுவது அக்கால வழக்கம். மார்கன் 1904-லேயே கொலம்பியா சர்வகலாசாலைக்குப் பேராசிரியராகச் சென்றுவிட்டார். அம்மையார் பிரின் மார் கலாசாலையில் தாழ்ந்த பதவியிலேயே இருந்தார்.

மனிதர் விஷயம் என்ன என்று கேட்கலாம். மனித அணுவில் குரோமோசோம்கள் நாற்பத்தாறு என்பது 1956-ல்தான் சரியாக எண்ணப்பட்டது. ஆணாவதற்கு ஒய் குரோமோசோமே காரணம் என்பது 1959-ல் உறுதிப்பட்டது. மாவு வண்டுக்குச் சொன்ன நியதி மனிதனுக்கும் பொருந்திற்று. கோழியிலும் பட்டுப் பூச்சியிலும் கதை தலைகீழ். அங்கே இரு வகையாகப் பிரிவது தாயின் முட்டை. ஆகவே பெட்டைக் குஞ்சு பொரித்ததற்குக் கோழியைக் கோபிப்பவனுக்குக் கொஞ்சமேனும் சாஸ்திர ஆதாரம் உண்டு. மனைவியைக் கோபிப்பவனுக்கு அதுவும் இல்லை. தகப்பனையும் குற்றம் கூறுவதற்கில்லை. எந்த விந்தணு முந்தும் என்பது அவன் இச்சைப்படி நடப்பதன்று.

ஆயினும் அந்த ஆராய்ச்சி வெளியாகி எண்பத்தேழு வருஷங்களுக்குப் பின்பு, 1992-ல், வேண்டாத பெண் சிசுக்களை உயிரோடு காப்பதற்கென்று சேலம் ஜில்லாவில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசாங்கம் தொடங்க நேர்ந்தது. சுயராஜ்யம் வந்து நாற்பத்தைந்து வருஷங்கள் கழித்து!

ஆராய்ச்சிக்கென்று அம்மையாருக்கு வாய்த்தது சுமார் பதினோரு வருஷங்களே. அதற்குள் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான கட்டுரைகள் எழுதினார். முடிவில் பிரின் மார் கலாசாலை அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்திற்று. கற்பிக்கும் பாரமின்றி ஆராய்ச்சியிலேயே காலம் கழிக்கலாம் என்ற அந்த வாய்ப்புக்காகவே அவர் ஆயுள் முழுவதும் காத்திருந்தார். ஆனால் அதற்குள் மார்பகப் புற்றுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. பதவியை ஏற்பதற்கு முன்பே, 1912 மே 4-ந் தேதி, பால்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரியில் ஐம்பதாவது வயதில் அவர் உயிர் நீத்தார். மணம் செய்துகொள்ளவில்லை.

அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் மார்கன். அம்மையாரின் பொறுமையையும் கூர்ந்த பார்வையையும் அவர் புகழ்ந்தார். முக்கியமான ஒரு கண்டுபிடிப்பில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்றும் எழுதினார். முன்பு சிபாரிசு எழுதிய கைதான் இதையும் எழுதிற்று.

வெஸ்ட்போர்டில் அம்மையாரை அடக்கம் செய்தார்கள். அவர் கண் வைத்துப் பார்த்த மைக்ராஸ்கோப்பைப் பிரின் மார் கலாசாலை பாதுகாத்து வைத்திருக்கிறது.